கிங்ஸ்டன் சந்தையில் தேத்தண்ணியும் சரித்திரமும்

சந்தையில் தேத்தண்ணி விற்கிறவளிடம் சனம் சீனிக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஊரின் சரித்திரத்தைத்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் இதையும் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டே எழுதுகிறேன். கடையில் நின்று பதில் தெரியாமல் முழித்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் வந்த எனக்கு முதல் வேலை தந்தவர் கிங்ஸ்டன் சந்தையில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த டோரீன். என் ஆங்கிலம் அரைகுறை என்று தெரிந்தும் சேர்த்துக்கொண்டார். "ஒரு மாதம் பார்ப்பேன். முறைப்பாடு வந்தால் வேலை இல்லை" என்றார்.

கம்பிவேலிக் கல்

நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், கம்பிவேலிக்குள் ஒரு கல் இருக்கிறது. அந்தக் காலத்து அரசர்கள் ஏழு பேர் அதன்மேல் இருந்து முடிசூடினார்களாம். விம்பிள்டனில் இருந்து என்னைப் பார்க்க வந்த மணியக்காவை மதிய இடைவேளையில் அங்கே கூட்டிப்போனேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைகூப்பியபடி வேலியைச் சுற்றத் தொடங்கினார்.

யாராவது கண்டு டோரீனிடம் சொல்லப்போகிறார்களே என்று எனக்குப் பயம். "அக்கா, அது சாமியில்லை, வாங்கோ!" என்றேன். மூன்று சுற்றையும் முடித்துவிட்டுத்தான் நின்றார்.

"வேலியும் போட்டு, பேரும் வெட்டி வைச்சிருக்கிறாங்கள். சாமியில்லையெண்டால் ஏன் பிள்ளை இவ்வளவு மரியாதை?"

பழைய பாலம்

சீனி போடுவதா வேண்டாமா என்று ஒரு புருஷனும் பெண்சாதியும் என் முன்னால் சண்டை பிடித்தார்கள். நடுவில் புருஷன், பக்கத்துப் பாலத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார். வாய்க்காரப் பெண்களை முற்காலத்தில் கதிரையில் கட்டி அந்த ஆற்றில் முக்கி எடுத்தார்கள் என்று டோரீன் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன். சொன்ன பிறகுதான் அந்த மனுசியின் முகத்தைப் பார்த்தேன். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மனுசியோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"கதிரை இன்னும் இருக்கிறதா? முதலில் இவரை இருத்துங்கள்!"

பொன் ராணி

சந்தை நடுவில் உள்ள கட்டிடத்தில் பொன்முலாம் பூசிய ராணி சிலை ஒன்று நிற்கிறது. எங்கள் ஊரில் வெள்ளைக்கார ராணி என்றால் விக்டோரியாதான். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, யார் அது என்று கேட்ட பெரியவரிடம் யோசிக்காமல் அப்படியே சொன்னேன். அவர் இளைப்பாறிய சரித்திர வாத்தியார். "அது ஆன் ராணி!" என்று சொல்லிவிட்டு நேரே டோரீனிடம் முறைப்பாடு சொல்லப் போனார்.

அவர்களையே பார்த்தபடி ஊற்றி, தேத்தண்ணியை மேசையில் கொட்டிவிட்டேன். டோரீன் அவரை அனுப்பிவிட்டு வந்து, கொட்டியதைத் தானே துடைத்தார். அந்தக் கைக்கு இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

"இவ்வளவு வருஷமும் நானும் விக்டோரியா என்றுதான் சொன்னேன். திங்கட்கிழமை நேரத்துக்கு வா."

அதன் பிறகு யார் சரித்திரம் கேட்டாலும் "உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்கோ" என்று திருப்பிக் கேட்டுவிடுவேன். அவர்கள் சொல்லி முடிக்கும்முன் இரண்டாவது தேத்தண்ணியும் விற்றுப்போகும்; பிழை என்றால் அது அவர்களுடையது.