மிச்சச் சாப்பாட்டுப் பார்சல்

இன்று மத்தியானம் மனைவி, மகளோடு வெள்ளவத்தையில் ஒரு கடையில் சாப்பிட்டேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். மூன்று பேருக்கு இரண்டு பிரைட் ரைஸ். அரை வயிற்றோடு எழும்பினால் மிச்சம் இரவுக்கும் காணும். மனைவி பார்சல் கட்டச் சொன்னா.

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆமிக்காரர் மறித்தார்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயர் எழுதிய பொலிஸ் பதிவைக் கொடுத்தேன். அதில் மூன்று பேர், நாங்களும் மூன்று பேர். விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒருவர் பார்சல் பையைத் திறந்தார். “மேக்க காட்டத?”

யாருக்கு என்று கேட்கிறார். சாப்பிட்ட மிச்சம், எங்களுக்குத்தான் என்று சிங்களத்தில் சொன்னேன்.

நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தானே வருகிறீர்கள், அப்படியென்றால் வீட்டில் இருப்பது யார் என்றார்.

நான்கு பேர் எங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். அலுமாரி, குளியலறை, கட்டிலுக்குக் கீழே எல்லாம் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. கடைசியில் ஒருவர் தலையணைகளை எண்ணினார். நான்கு இருந்தன. நாலாவது யாருடையது என்று கேட்டார். நான் இரண்டு வைத்துப் படுப்பேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் எட்டு வயது மகள் பார்சலைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

“பசிக்குதோ பிள்ளை?” என்று மனைவி கேட்டா.

“இல்லையம்மா. மிச்சம் வைக்கக் கூடாதெல்லோ.”

நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகமுன் ஒரு தலையணையை எறிய வேண்டும். உங்கள் வீடுகளில் எத்தனை இருக்கிறது?