அந்த அரை வரி

கயிறு வெட்டியது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் இழுக்கவில்லை.

ஆம்! கடலுக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த என் அக்காள் கணவர், தூக்கச் சொல்லிக் கயிற்றை வெட்டினார், அதாவது வெடுக்கென்று சுண்டி இழுத்தார். படகில் அமர்ந்திருந்த நான், கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத் தூக்கலாம் என்று எண்ணினேன். பிறகு சைகையே வரவில்லை என்று பொய்யும் சொன்னேன். பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோதெல்லாம் சாமியாரிடம் சின்னச் சின்னப் பாவங்களை ஒப்பித்துவிட்டு, இதை மட்டும் விழுங்கிக்கொண்டு எழுந்து வந்தவன் நான்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நேரத்தை எப்படிக் கட்டி ஆள்வது, கவனம் சிதறாமல் எப்படி வேலை செய்வது என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். துறைமுகத்துக் கம்பெனியில் என்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சு உண்டு. பக்கத்தில் இடியே விழுந்தாலும் சூசை எடுத்த கடிதத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வான் என்பார்கள். புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

யுத்தம் முடிந்த சமயம் அது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். கப்பல் கம்பெனிகளுக்குச் சுருக்கெழுத்து தெரிந்த குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். மாலை வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் தெரு முழுவதும் கடலே கதி என்று கிடந்தது. நான் மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே தீருவேன் என்று சபதம்!

பழைய சாமான் கடையில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினேன். சுவரில் கால அட்டவணை ஒட்டினேன். பல் துலக்குவதற்குக்கூட அதில் ஓர் இடம் உண்டு. சாப்பிடும்போது படிப்பு, நடக்கும்போது மனப்பாடம். கோயிலில் பூசை நடக்கும்போதுகூட விரலால் தொடையில் எழுதிப் பார்ப்பேன். அக்காள் லூர்துவுக்குச் சிரிப்பு தாங்காது.

"ஏலே, உனக்கு வாக்கப்பட்டு வாரவ மொதல்ல அந்தக் கடிகாரத்துக்குத்தான் சோறு வைக்கணும் போல" என்பாள்.

கேலி செய்தவர்கள் எல்லோரும் எனக்குச் சோம்பேறிகளாகவே தெரிந்தார்கள்.

வகுப்பு வாத்தியார் ஒரு பழக்கத்தை எங்களுக்குள் ஊன்றியிருந்தார். எடுத்த வரியை முடிக்காமல் நிமிரக்கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி, வரி முடிந்த பிறகே பதில். பாதியில் நிமிர்ந்தால் மனம் பழைய இடத்துக்குத் திரும்பாது என்பார். அது எனக்கு வேதவாக்கு ஆயிற்று.

கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் அந்த ஆண்டுச் சங்குக் குளிப்பு தொடங்கியது. எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு உள்ளவனுக்குக் கவனம் பிசகாது அல்லவா? அந்தோணி மச்சானுக்கு நான் ஒருவன்தான் மைத்துனன். ஆகவே அவருடைய கயிறு என் கைக்கு வந்தது.

எனக்கோ அது வீண்பொழுதாகப் பட்டது. மச்சான் கயிற்றை உடம்பில் கட்டி, கனத்த கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். இடுப்பு வலைப்பையில் சங்கைப் பொறுக்கிப் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவார். நான் இழுக்க வேண்டும். அவ்வளவுதானே? இடையில் கிடக்கும் நேரத்தை ஏன் கடலில் கொட்ட வேண்டும்? இடது கையில் கயிறு. வலது கை விரலால் தொடையில் சுருக்கெழுத்து. மனத்துக்குள் வணிகக் கடிதம் ஒன்று ஓடும். பல நாள் இப்படியே நடந்தது. ஒரு பிசகும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்க்கும் கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மடையன்!

அன்று கடல் அமைதியாக இருந்தது. காற்று, நீரோட்டம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்கும் இல்லை. 'தாங்கள் அனுப்பிய சரக்கு' என்று தொடங்கும் வரியில் பாதி எழுதியிருந்தேன். இடது கையில் கயிறு வெட்டியது.

அரை வரிதானே… முடித்துவிடுவோம் என்றது மனம்.

மறுபடியும் வெட்டியது. அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா? எரிச்சல்! வேலை மும்முரத்தில் தோளைத் தட்டுகிறவன் மீது வருமே, அந்த எரிச்சல். அடியில் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார், எனக்கு எரிச்சல்! மூன்றாவது வெட்டு மெலிதாக வந்தது. நான் வரியை முடித்தேன். பிறகுதான் இழுத்தேன்.

மேலே வந்தவரின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. அவருக்கு நினைவு தப்பியிருந்தது. பையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தாமே நீந்தி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கலாம். மைத்துனன் தூக்கிவிடுவான் என்று நம்பிக் காத்திருந்தார்.

குப்புறப் போட்டு, தண்ணீரைக் கக்கவைத்து, எப்படியோ உயிரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். படகை நடத்தும் தண்டல் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, சைகை வந்துச்சா, வரலையா?"

"வரல அண்ணாச்சி. நேரம் ஆவுதேன்னு நானாத்தான் தூக்குனேன்."

எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள்! கொல்லப் பார்த்தவன் ஒரு நொடியில் காப்பாற்றியவன் ஆனேன்.

அடியில் சைகை கொடுக்க மறக்கிறவனை எந்தத் தண்டலும் படகில் ஏற்றமாட்டார். அவனுக்கு நினைவு தப்புகிறது என்று பொருள்; இன்றில்லாவிட்டால் நாளை பிணமாக வருவான் என்று பயப்படுவார்கள். மச்சானை யாரும் கூப்பிடவில்லை. அவரும் சண்டை போடவில்லை. தாம் இழுத்தது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் மயக்கத்தில் இழுத்ததாகத் தோன்றியிருக்கும் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, அதையே நம்பிவிட்டார். சங்கு எடுப்பதில் பேர்பெற்ற மனிதர் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார்.

நான் சுருக்கெழுத்தில் தேறினேன். வேலை கிடைத்தது, மின்விசிறியும் கிடைத்தது! சன்னல் வழியே பார்த்தால், உப்பு மூட்டையோடு பலகையில் ஏறித் தோணிக்குப் போகும் மச்சான் தெரிவார். என்னைக் கண்டால் கூட இருப்பவர்களிடம் பெருமையாகக் காட்டுவார். "நம்ம மாப்பிளதான். அவன் இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்" என்பார். அதைக் கேட்டுவிட்டும் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன், அலாரத்துக்கு எழுந்தேன். வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது. நான் வாய் திறக்கவில்லை.

பழி அந்தப் பழக்கத்தின் மீதா, என் மீதா? எத்தனை முறை என்னையே கேட்டிருக்கிறேன்! வாத்தியார் வரியை முடி என்றாரே தவிர, ஓர் உயிரைத் தவிக்கவிட்டு முடி என்றா சொன்னார்? பழக்கம் அரை வரிக்குத்தான் பொறுப்பு. இத்தனை ஆண்டு மௌனத்துக்கு நான்தான் பொறுப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சென்ற மாதம் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் கொல்லைப் பூவரச மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, கண்ணை மூடி, மூச்சை அடக்கி, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"பாத்தியாலே மாப்பிள, கை நல்லாத்தான் இருக்கு. தெனமும் இழுத்துப் பாக்கேன். அன்னைக்கு மட்டும் எப்படி மறந்துச்சுன்னுதான் தெரிய மாட்டேங்கு."

தினமும்! இத்தனை ஆண்டுகளாக, தம் கையைத் தாமே சோதித்துக்கொண்டு… நான் அங்கேயே முடிவு செய்தேன். இனி ஒரு நாள்கூடக் கிடையாது.

"மறக்கல மச்சான். நீங்க இழுத்திய. மூணு தடவ இழுத்திய. நான்தான் தூக்கல."

தொடையில் எழுதியது, அரை வரி, பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அக்காள் அடுக்களை வாசலில் வந்து நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். மச்சான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். வெகுநேரம் சுருட்டினார்.

"தண்டல்கிட்ட வந்து சொல்லுதியா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லுதேன்."

போனோம். கரையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. தண்டல் காறி மணலில் துப்பினார். பிறகு என்னை விட்டுவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"அந்தோணி, ஒன் மேல குத்தமில்ல. சீசனுக்கு வா. ஆனா கயிறு யாருடே பிடிப்பா? ஒனக்கு வேற மச்சினன் கெடையாதே."

"நான் பிடிக்கேன்" என்றேன்.

மச்சான் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வரிய முடிச்சியாலே?"

"முடிச்சேன் மச்சான்."

தலையை ஆட்டிக்கொண்டார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார்.

இப்போது சீசன் நடக்கிறது. மற்றவர்களுக்கு மைத்துனர்கள் கயிறு பிடிக்க, அவருக்குக் கூலிக்கு வந்த ஒருவன் பிடிக்கிறான். அக்காள் என்னோடு பேசுவதில்லை. வாசலில் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள்.

படகுகள் புறப்படும் முன்பே தினமும் கரைக்குப் போகிறேன். அவர் கண்ணில் படும்படியாக நிற்கிறேன். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பெனியை விட்டுவிட்டுப் படகில் ஏறிவிடுவேன். அவர் என்னைக் கடந்து போய்ப் படகில் ஏறுகிறார். கடைசிப் படகும் போன பிறகே திரும்புகிறேன். ஒரு நாளும் தாமதமாக வராத சூசை இப்போது நாள்தோறும் தாமதமாக வருகிறான் என்று மானேஜர் கோபிக்கிறார்.  

அவர் கூப்பிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். நாளையும் போய் நிற்பேன்.