வால் முளைக்காத ஈஸ்ட்

போன வாரம் முழுக்க ஒரு மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றார். வார்டுக்குள் போக மாட்டேன் என்று ஒரே அடம்!

பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன்தான். ராயபுரத்தில் பேக்கரி மாஸ்டர். உள்ளே படுத்திருப்பது அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. குடலில் ஆபரேஷன், பிறகு நாள்கணக்கில் ஆன்டிபயாடிக், விடாத காய்ச்சல்... கடைசியில் ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. "ஒரு வகை ஈஸ்ட்" என்றார் டாக்டர்.

அந்த வார்த்தைதான் வினை. வருஷக்கணக்காக ஈஸ்ட் போட்டு மாவு பிசைகிறவர் காதில் அது எப்படி விழும்?

"நான்தாம்மா வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன். இந்தக் கைதான் அவளுக்கு எமன்" என்றார் என்னிடம். சோப்புப் போட்டுத் தேய்த்தே கையெல்லாம் தோல் உரிந்திருந்தது.

உள்ளே அக்காவோ, நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "அவரு ஏன் வர்ல? நான் பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனை லேபுக்கு இழுத்துப் போனேன். அங்கே டாக்டர் ஷாஹிதா – வண்ணாரப்பேட்டைக்காரர் – அண்ணனின் பயத்தைச் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "நாளைக்கு உங்க ஈஸ்ட் ஒரு சிட்டிகை கொண்டாங்கண்ணே" என்றார்.

கொண்டுபோனோம். அதையும், அக்காவின் ரத்தத்தில் கிடைத்த கேண்டிடா என்ற ஈஸ்டையும் தனித்தனியே, ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் கலந்து, உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தார். பிறகு மைக்ராஸ்கோப்பில் காட்டினார்.

"பாருங்க, உங்களுது உருண்டையாவே கீது. அக்கா ரத்தத்துல இருந்த இதுக்கு வால் முளைச்சிடுச்சு. இது வேற, அது வேறண்ணே."

"அப்போ இது எங்கேந்து வந்துச்சு?"

"எங்கேந்தும் வர்ல. அக்கா குடல்லயே இருந்திருக்கும். எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும்."

யோசித்துப் பாருங்கள்... நமக்குள்ளேயே சாதுவாகக் குடியிருக்கிற ஜீவன். அதை அடக்கிவைத்த நல்ல பாக்டீரியாக்களை மருந்து அழிக்கிறது, ஆபரேஷன் ரத்தத்துக்குள் போக வழி திறந்துவிடுகிறது. உடனே அதன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சில ஜீன்கள் விழிக்கின்றன. உருண்டை இழையாக நீள்கிறது, நஞ்சு சுரக்கிறது, நம் செல்களைத் துளைக்கிறது. புதிதாக எந்த ஜீனும் வந்து சேரவில்லை, இருந்ததுதான்!

அண்ணனின் பாசமும் அப்படித்தானே? இத்தனை நாள் சாதுவாக இருந்தது, ஒரு பயம் கிடைத்ததும் வால் முளைத்து இரண்டு பேரையும் குத்த ஆரம்பித்துவிட்டது.

"கையைக் கழுவிட்டுப் போங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அதான் ரூல்" என்று அனுப்பிவைத்தார் டாக்டர்.

புது மருந்தில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழுசாக வாக்குக் கொடுக்க இன்னும் யாரும் தயாராக இல்லை. அண்ணன் தயங்கித் தயங்கிப் போய் அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா அந்தக் கையை இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"இன்னாய்யா... பன்னு வாசனையே காணோம்?"

இப்போது வராந்தாவில் நிற்பது நான் மட்டும்தான்.