கீழ்த் தொட்டியைக் கழுவியவர்கள்

ஜெயபுஷ்பம் சிஸ்டரிடம் யாராவது "ரிடையர் ஆயிட்டீங்களா?" என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. ஒடுகத்தூரில் பிறந்து, வேலூரில் நர்ஸிங் படித்து, அங்கேயே டயாலிஸிஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடனே ஆம்பூரில் ஒரு அறக்கட்டளையின் சின்ன டயாலிஸிஸ் மையத்துக்குப் பொறுப்பு நர்ஸாகச் சேர்ந்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்து முட்டிவலி பேச அவருக்கு நேரம் இல்லை.

மையத்தின் காத்திருப்பு அறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருந்தது. அறக்கட்டளைத் தலைவரான தோல் தொழிற்சாலை முதலாளி அப்துல் ஹமீத் சாகிப், சென்னையில் ஏதோ ஹோட்டலில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வைத்தது. வைத்ததோடு சரி. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. நோயாளிகள் வந்து உட்காருகிற இடத்தில் தினமும் ஒரு சாவா? ஜெயபுஷ்பம் சென்னை கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் கடைக்காரரைப் பிடித்து விசாரித்தார். மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வையுங்கள், அதில் கடல்பாசியும் அலையாத்திச் செடியும் வளருங்கள், மேல் தண்ணீரை அதன் வழியாகச் சுற்ற விடுங்கள் என்றார் அவர். மீனின் கழிவைத் தின்று பாசி வளரும். வளர்ந்த பாசியைப் பிடுங்கிப் போட்டால் கழிவும் கூடவே வெளியே போய்விடும்.

"இது டயாலிஸிஸ்தானே! முதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் ஜெயபுஷ்பம்.

சர்ச் சபையோடு பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனபோது மற்றவர்கள் படகில் பாட்டுப் பாட, இவர் தண்ணீரில் மிதந்து வந்த சுரபுன்னை விதைகளைப் பொறுக்கி ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டார். முருங்கைக்காய் போல நீளமான விதைகள். நார்நாராகச் சுருண்டு வளரும் பாசியைக் கொளத்தூரில் வாங்கினார். நோயாளிகளுக்காகச் சுத்திகரித்த தண்ணீரில் மீன் கடையின் கடல் உப்புக் கலவையைக் கரைத்து ஊற்றினார். மேல் தொட்டி விளக்கு அணைந்ததும் கீழ்த் தொட்டி விளக்கு எரியும். அதை நைட் டியூட்டி என்பார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கை பாசியைப் பிடுங்குவார், இலைகளில் தெறித்துக் காய்ந்த உப்பை ஈரப் பஞ்சால் துடைப்பார். செடிகள் இலை மேல் இலை விட்டன. மீன்கள் சாவது நின்றது.

சிறுநீரகம் இரண்டும் போன மஹ்பூபி ஊசி குத்திக்கொள்ள உள்ளே போகுமுன் மேல் தொட்டியில் சேர்ந்தே திரியும் ஆரஞ்சு மீன் ஜோடியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

"ஜோடி இன்னா குஷியா கீது பாரு சிஸ்டரம்மா!"

"அது குஷியா இருக்கட்டும். நேத்து எவ்ளோ தண்ணி குடிச்சே? வெயிட் ஜாஸ்தி காட்டுது."

தொழிற்சாலையிலிருந்து மையத்துக்கு மேனேஜராக வந்த அருணகிரிக்கு மேல் தொட்டி பிடித்தது. கீழ்த் தொட்டி பிடிக்கவில்லை. "இன்னா சிஸ்டர், குட்டை மாதிரி?" என்பார். ஜெயபுஷ்பம் பொறுமையாக விளக்குவார். அவர் தலையாட்டுவார். தலையாட்டுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறில், சாகிபிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மையத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு ஜெயபுஷ்பம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் போனார். திங்கள் காலை வந்தபோது தொட்டிகள் இரண்டும் கண்ணாடிக் கடை போலப் பளபளத்தன. கீழே பாசியும் இல்லை, செடியும் இல்லை. நீலக் கூழாங்கல் பரப்பியிருந்தது. மேலே தண்ணீர் பால் கலந்தது போல் கலங்கி, மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. ஆரஞ்சு ஜோடி மட்டும் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

தண்ணீரில் விரலை விட்டு எடுத்தார். விரலில் ஓர் ஆட்டு மயிர் ஒட்டிக்கொண்டு வந்தது.

"எந்த உப்பு சார் போட்டீங்க?"

"உப்புக்கு நம்ம ஊர்ல பஞ்சமா சிஸ்டர்?" அருணகிரி சிரித்தார். "நம்ம குடோன்ல இருந்து ஒரு மூட்டை கொண்டாரச் சொன்னேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டு நல்லா தேய்ச்சு, போர் தண்ணி விட்டு…"

பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தூவி, பிறகு உதறி எடுத்த உப்பு. ரத்தமும் அழுக்கும் மயிருமாகக் குடோனில் குவிந்து கிடக்கும் உப்பு. அதைத்தான் மனுஷன் கரைத்து ஊற்றியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருப்பத்தூருக்குப் போன் போகாதா?

"கிட்னியை அறுத்துப் போட்டுட்டு பெட்ஷீட் மாத்தியிருக்கீங்க! இதுக்குப் பேரு சுத்தமா?"

பதிலுக்கு நிற்காமல் ஜோடியை ஒரு வாளியில் நல்ல தண்ணீருக்கு மாற்றினார். மதியத்துக்குள் அவையும் போயின. பின்பக்கக் குப்பையில் அலையாத்திச் செடிகள் வேரோடு கிடந்தன. கெட்டி உயிர், வாடவில்லை. குப்பைத் தொட்டியின் அடியில் ஒரு பிடி பாசி ஈரமாக இருந்தது. கழுவிக் கழுவி எடுத்தார்.

அன்று மஹ்பூபி கண்ணாடி முன்னால் நின்றாள். "ஜோடி எங்கே?"

"மேனேஜரைக் கேளு."

அருணகிரி அதற்குள் புது மீன்களுக்குச் சொல்லிவிட்டிருந்தார். "நாளைக்கே கொளத்தூர்ல இருந்து வந்துடும் சிஸ்டர். அதே கலர், அதே சைஸ். யாருக்கும் தெரியாது. இதுக்குப் போயி பேஜார் பண்றீங்களே."

"வரட்டும். அந்தத் தண்ணில விடுங்க. வர்ற வெள்ளைக்காரங்களுக்கு நானே பக்கத்துல நின்னு சொல்றேன், எது மேல இருந்து உதறின உப்புன்னு. நமக்குத்தான் பஞ்சமில்லையே!"

அருணகிரி போனை எடுத்து மீனை வேண்டாம் என்றார்.

இரண்டு நாளில் ஜெயபுஷ்பம் பெரிய தொட்டியைக் காலி செய்து சுவரோரம் தள்ளினார். கீழ்த் தொட்டியைத் தூக்கி அது இருந்த இடத்தில், அறையின் நடுவில் வைத்தார். புதுத் தண்ணீர், ஒரு பிடி பாசி, அலையாத்திச் செடிகள். மீன் ஒன்றுகூட இல்லை. பாசி பெருகி நிரம்பும்வரை மீன் வராது. இனிக் கழுவ நினைப்பவர் எல்லார் கண் முன்னாலும் கழுவட்டும்.

புதன்கிழமை விருந்தாளிகளோடு வந்த சாகிப் பச்சையைப் பார்த்து நின்றார். ஒரு வெள்ளைக்காரர் குனிந்து வேர்களை உற்றுப் பார்த்தார்.

"மீன்லாம் எங்க அருணகிரி?" என்றார் சாகிப்.

அருணகிரி ஜெயபுஷ்பத்தைப் பார்த்தார். அவர் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாக்காதீங்க சார். கழுவுனது நீங்க, சொல்றதும் நீங்களே."

"அது வந்து சாகிப்… உப்பு…" என்று இழுத்தார் அருணகிரி.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் ஜெயபுஷ்பம். "உள்ளே மஹ்பூபிக்கும் கேக்கணும்."