செண்டுடுக் பழம் தின்ற நாக்கு

முதலில் வெறும் வயிற்று வலி என்றுதான் நினைத்தோம். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் மரவள்ளிக்கிழங்கையே தின்றுகொண்டிருந்தோம். யாருக்குத்தான் வயிறு சரியாக இருந்தது? ஒரு காலை என் மனைவி ஜமீலா சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லையிலிருந்து வந்தாள்.

"ரத்தமா போவுது மச்சான்."

சீதபேதி (சளியும் ரத்தமும் கலந்த வயிற்றுப்போக்கு).

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியம் சொல்ல எழுதவில்லை. இன்று டாக்டர் இருக்கிறார், அவரிடம் போங்கள். அன்று மருந்துக்கு வழியில்லை. தொற்றுநோய் என்று தெரிந்தால் ஜப்பான்காரர்கள் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு ஏற்றிப் போனார்கள். மலாக்காவில் எங்கள் காஜா பேராங் சந்திலிருந்து அப்படிப் போன யாரும் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டு மீனாட்சி மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வம்சம். பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். வேலியோரம் தானாக மண்டிக் கிடந்த செண்டுடுக் புதரைக் காட்டி, அதன் கொழுந்தைக் கஷாயம் வைக்கச் சொன்னார். குடிக்கும் தண்ணீரையும் கொதிக்க வைக்கச் சொன்னார். நிற்குமா என்று கேட்டேன். தனக்கும் நிச்சயமில்லை என்றார். அந்த ஊதாப் பூச்செடியைத் தாண்டித்தான் நான் தினமும் ஜவுளிக்கடை வேலைக்குப் போவேன். ஒரு நாளும் அதற்கு மரியாதை கொடுத்ததில்லை.

கஷாயம் பொல்லாத துவர்ப்பு. வாய்க்கு இதமாக அதே செடியின் பழத்தைக் கேட்டாள் ஜமீலா. உள்ளே கறுநீலச் சதை, லேசான இனிப்பு. பறித்துக் கொடுத்தேன்.

அன்று பார்த்து, வீடு வீடாக நோய்ச் சோதனைக்கு வந்துவிட்டார்கள். ஒரு ஜப்பானியச் சிப்பாய், கூடவே தமிழரான ஒரு டிரெஸர் (மருத்துவ உதவியாளர்). அழுக்குத் துணிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஜமீலாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் எழுந்து கொல்லைக்கு ஓடினால் எல்லாம் முடிந்தது.

"நாக்க நீட்டுங்கம்மா."

நீட்டினாள். கன்னங்கரேலென்று இருந்தது. டிரெஸர் பின்வாங்கினார்.

"இது என்னா நோவு?"

"நோவு இல்லீங்க, பழம். வேலியில கெடக்குது."

"சும்மா சொல்லாதீங்க. எனக்கும் தல போயிரும்."

ஓடிப்போய் ஒரு கை பறித்து வந்து, அவர் எதிரிலேயே மென்று என் நாக்கை நீட்டினேன். சிப்பாய் கையை நீட்டி ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். பிறகு டிரெஸரைக் கூப்பிட்டுத் தன் நாக்கைக் காட்டினான். அவர் பயபக்தியோடு எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. ஜமீலாவின் விரல்கள் நாற்காலிக் கையை நெரித்துக்கொண்டிருந்தன.

நாக்கு விஷயம் தீர்ந்ததும் டிரெஸருக்கு வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. இருவரும் படியிறங்கினார்கள். பூட்ஸ் சத்தம் சந்து முனையைத் தாண்டும்வரை ஜமீலா அசையவில்லை. அதன்பின் அவளால் எழ முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஆகிவிட்டது. "மன்னிச்சிருங்க மச்சான்" என்று அழுதாள். யார் யாரை மன்னிப்பது? வெந்நீர் வைத்து அவளைக் கழுவிவிட்டேன்.

மெல்ல மெல்ல ரத்தம் நின்றது. கொழுந்தா, கொதித்த தண்ணீரா, அவள் ஆயுசு கெட்டியா, எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் எனக்குக் கடிகாரம் அவள் வயிறுதான். அது ஒரு முறை புரட்டுவதற்கும் மறுமுறை புரட்டுவதற்கும் இடையில் சமைத்தேன், துவைத்தேன், தொழுதேன். பிறகு ஒரு பகல், அவள் முனகவில்லை, புரளவில்லை, எழவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்து, தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கண்ணைத் திறந்தாள். "நல்லா தூங்குறவள ஏன் எழுப்புறீங்க?"

குணமான உடம்பு சத்தமே போடாது என்பதை நான் மறந்திருந்தேன். இன்றும் அவள் நன்றாகத் தூங்கினால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.