செவ்வாய்க்கிழமைச் சேலை

“பின்னாடி?”

“எறங்கிருக்கு.”

“எம்புட்டு?”

“ரெண்டு வெரக்கட.”

கங்கம்மாள் இடுப்பில் கைவைத்து, சேலையை இரண்டு விரற்கடை ஏற்றிச் செருகுகிறார். காலை மணி ஏழு இருபது. அந்த வீட்டில் இருக்கும் கண்ணாடி உள்ளங்கை அளவு. ஒரு சமயத்தில் ஒரு கண்ணோ ஒரு காதோதான் அதில் தெரியும். ஆகவே அவருடைய மூன்று மகள்களும் கண்ணாடி வேலை பார்க்கிறார்கள். மூத்தவள் சௌடேஸ்வரிக்கு முதுகுப் பக்கம். நடுவுள்ளவளுக்குக் கொசுவம். கடைக்குட்டி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் ஒட்டவைத்து, கீழ்க்கரை சமமாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பதால், எதிர்வீட்டு முன்னறையில் குடியிருக்கும் எனக்கு எல்லாம் காதில் விழும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது கன்னடம். இந்த ஒரு விசாரணை மட்டும் தமிழில் நடக்கிறது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“வெளிய போற சேலைக்கு வெளிப்பேச்சுதான் சார்,” என்றார்.

ஐந்து மணிக்கு எழுந்து, கணவர் திம்மையாவின் தறிக்கு அரை நாளைக்கு வேண்டிய ஊடுநூலைத் தார்க்குச்சிகளில் சுற்றி, சோறு வடித்து, மூன்று தலை பின்னி முடித்த பிறகு அவருக்கென்று மிஞ்சுவது ஒன்பது நிமிஷம். பட்டு கிடையாது, நைலான் கிடையாது. எல்லாம் இந்தத் தெருவிலேயே நெய்த பருத்திச் சேலைகள். ரவிக்கை மட்டும் கரையின் நிறத்தில், முழங்கை வரை, அவரே தைத்தது. டைபாய்டு காய்ச்சலில் கொட்டிப்போன முடி திரும்பத் தோள் வரைதான் வளர்ந்திருக்கிறது. அதைச் சின்னக் கொண்டையாக ஏற்றி, காதுக்கு மேலே நாலு விரல் மல்லிகை வைத்துக்கொள்வார். காலில் நீலவார் ரப்பர் செருப்பு. பார்க்கிறவர்களுக்கு, ஏதோ அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு கிளம்பியவர் போலவும், அது தற்செயலாக நன்றாக அமைந்துவிட்டது போலவும் தோன்றும். அந்தத் தற்செயலுக்கு நான்கு பேர் உழைக்கிறார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஏழு நாற்பது பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டிக்கு அவர் போகிறார். அங்கே பால்வாடி டீச்சர். நான் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதே பஸ். எங்கள் கரிசல் பக்கத்தில் ஒரு நல்ல சேலை வீட்டை விட்டு வெளியே வர வேண்டுமானால் அதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும். கல்யாணம், கோர்ட்டு, ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போவது. மூன்று பிள்ளை பெற்றவர் ஒரு காரணமும் இல்லாமல் மடிப்புக் கலையாத சேலையில் நடந்தால் ஊருக்குப் பொறுக்காது. கண்டக்டர் கருத்தப்பாண்டி தினமும் கேட்பார்.

“என்னக்கா, இன்னிக்கு எங்க விசேஷம்?”

“வெசாலக்கெழம தம்பி.”

“அது தெரியுதுக்கா. என்ன விசேஷம்னேன்.”

“அதத்தான் சொன்னேன். வெசாலக்கெழம.”

பருத்தி எடுக்கக் கூலிக்குப் போகும் வெள்ளைத்தாய் பின்சீட்டிலிருந்து குரல் கொடுப்பாள். “ஏ டீச்சரு, பொண்ணு பாக்க வாராகளா?”

“பாத்துட்டுப் போயி மூணு பிள்ளையும் ஆயிருச்சு தாயி. நீ மெதுவா வார.”

அவருடைய சேலைப் பெட்டி வேறு யாரிடமும் இல்லாத மாதிரிப் பெட்டி. உள்ளே இருப்பவை எல்லாம் நெசவாளர் சங்கம் தள்ளிய சேலைகள். நெசவில் ஒரு பிசகு இருந்தால் சங்கம் எடுக்காது. சேலை வீட்டுக்கே திரும்பும். திம்மையா தவறு செய்யாத வருஷம் கங்கம்மாளுக்குப் புதுச் சேலை இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்து அவர் காரணம் சொல்வார். “இது மூத்தவளுக்கு அம்மை போட்டப்ப நெஞ்சது, ஊடு தளந்திருக்கு பாருங்க. இது மாமியா செத்த மாசம். இதுக்கு மட்டும் காரணமில்ல சார், அன்னிக்கு எம் மகன் பராக்குப் பாத்துட்டாரு.”

மகன் என்று அவர் சொல்வது கணவரை. அதற்குக் காரணம் நான்.

1971 மார்ச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க என்னை எங்கள் தெருவுக்கே போட்டிருந்தார்கள். நான் அப்போது புதிதாகக் குடிவந்தவன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நிறம் போன சேலை, தலையில் முக்காடு, தோளில் மூன்று வயதுக் கடைக்குட்டி. காய்ச்சலில் விழுந்து எழுந்த பிறகு அவர் ஒரு வருஷமாக வாசலுக்கே வருவதில்லை என்பது எனக்குத் தெரியாது. “மகன் வீட்ல இல்லையா?” என்று கேட்டேன். “எந்த மகன்?” என்றார். “திம்மையா.” அவர் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். கங்கம்மாளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பாரத்தில் குடும்பத் தலைவருக்கு உறவு என்ற இடத்தில் நான் ஏற்கெனவே ‘தாய்’ என்று எழுதியிருந்தேன். ‘நான் யார்’ என்ற கேள்வியைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் அப்போது பாதி வரை வந்திருந்தேன். எதிரில் நிற்பவர் யார் என்பது எனக்குத் தெரியவில்லை.

அவர் அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் கழித்து என்னைத் தெருவில் பார்த்தபோது, “எம் மகன் வந்துட்டாரு சார், கேக்க வேண்டியதக் கேளுங்க,” என்றார். அன்றிலிருந்து திம்மையா அந்த வீட்டின் மகன். அவரும் மறுத்ததில்லை.

எட்டாம் வகுப்புப் படித்த பெண் வேண்டும் என்று அந்த ஜூனில் ரெட்டியபட்டிப் பால்வாடிக்கு ஆள் தேடினார்கள். கங்கம்மாள் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் மாதம் மேற்பார்வை அம்மா ஜீப்பில் வந்தார். கண்டிப்பானவர். வாசலில் தோளில் கந்தையோடு நின்ற கங்கம்மாளைப் பார்த்து, “ஆயாம்மா, டீச்சரைக் கூப்பிடு,” என்றார். கங்கம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். டீச்சரைக் கூப்பிடப் போனவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பாட்டுப் பாடி முடித்தார்கள். கடைசியில் உண்மையான ஆயா வந்து, கதவுக்குப் பின்னால் நிற்பதுதான் டீச்சர் என்று காட்டிக்கொடுத்தாள்.

“கார்த்திகையில மறுபடி வருவேன்,” என்றார் அந்த அம்மா, கதவைப் பார்த்து. “அப்ப டீச்சர் வெளியே நிக்கணும். இல்லேன்னா வேற டீச்சர் நிப்பாங்க.”

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். மாம்பழ நிறத்தில் செங்கல் நிறக் கரை போட்ட சேலை ஒன்று இரண்டு வருஷமாகக் கிடந்தது. கரையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு விட்டுப்போனதால் சங்கம் தள்ளிய சேலை. அதே நூலை எடுத்து, விட்டுப்போன கோட்டை ஊசியால் ஓட்டி நிரப்பினார். மறுநாள் காலை மூன்று மகள்களையும் சுற்றி நிறுத்தினார். அப்படித்தான் இது ஆரம்பித்தது.

இஸ்திரிப் பெட்டி இல்லை. ஆனால் நெசவு வீட்டில், தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலைகளை மடித்து, மேலே பலகை வைத்து, பலகை மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருப்பார்கள். கஞ்சி போட்டுக் காயவைத்த தன் சேலையைக் கங்கம்மாள் அந்த அடுக்கின் நடுவில் செருகிவிடுவார். கட்டப்போகும்போது உருவிக்கொள்வார். கத்தி போல மடிப்பு நிற்கும். பிள்ளைகளின் மூக்கிலிருந்து சேலையைக் காப்பாற்ற, தறியில் மிஞ்சிய துணி ஒன்றை இடுப்பில் தனியாகச் செருகிக்கொள்வார். அந்தத் துணி இல்லாமல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை, ஒரு நாளைத் தவிர.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை மேற்பார்வை அம்மா வருவதாகத் தகவல் வந்தது. திங்கட்கிழமை காலை கங்கம்மாள் மாம்பழச் சேலையை அடுக்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று மத்தியானம் எங்கள் ஊரில் மேகம் கட்டியது. வருஷத்தில் நாலு நாள் நடக்கிற காரியம். ஓடு ஒழுகிச் சேலை நனைந்துவிடும் என்று பயந்த திம்மையா, மறுநாள் கொடுக்கவேண்டிய அடுக்கை அப்படியே தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு ஓடினார். அங்கே சேலைகளைப் பார்த்து முத்திரை குத்துகிறவர் அப்பய்யா, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். எட்டுத் தூறல் விழுந்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசினார்கள். அந்த மாதம் தறியில் ஓடியதும் அதே மாம்பழச் சேலைதான். கொண்டுவந்தவரும் எண்ணவில்லை, வாங்கியவரும் எண்ணவில்லை.

செவ்வாய் காலை ஆறரைக்கு அப்பய்யா வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கங்கம்மாள் தெருவைக் கடந்து வந்தார். கட்டியிருந்தது அந்தப் பழைய, நிறம் போன சேலை.

“அண்ணே, எஞ்சேலையக் குடுங்க.”

“ஒஞ்சேல எங்கிட்ட எப்பிடிம்மா இருக்கும்?” வாயெல்லாம் பற்பொடி நுரை.

“நேத்து எம் மகன் குடுத்த அடுக்குல இருக்கு.”

“அம்புட்டும் புதுச்சேல. நாந்தானம்மா ஒண்ணொண்ணா விரிச்சுப் பாத்து முத்திர போட்டேன். மொதத் தரம்.”

“தெறங்கண்ணே. மணி ஆகுது.”

சங்கம் நாலு வீடு தள்ளி. வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டோடு போய்த் திறந்தார். நானும் போனேன். அலமாரியில் மாம்பழ நிறச் சேலைகள் வரிசையாக, எல்லாம் ஒன்றுபோல. கங்கம்மாள் கண்ணால் பார்க்கவில்லை. விரலை அடுக்கின் ஓரத்தில் ஓட்டிக்கொண்டே வந்து, ஒன்றை உருவினார். முந்தானை மூலையில் ஊதா மையில் வட்ட முத்திரை: முதல் தரம்.

“பாத்தியா முத்திரய? மொதத் தரத்துல வந்து தப்புச் சொல்லாத.”

“நான் எங்கண்ணே சொன்னேன்? நீங்கதான் சொன்னீக. ரெண்டு வருசத்துக்கு முன்ன, கரையில ஒரு சாண் கோடு விட்டுப்போச்சுன்னு இதத் தள்ளிவிட்டீக.”

அப்பய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கரை நெடுக விரலை ஓட்டினார். “எங்க? கோடு இருக்கே.”

“நான் ஊசியில ஓட்டுனது.” கங்கம்மாள் சேலையைப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கத்தில் கடுகளவு ஒரு முடிச்சு. “மூணு மாசமாக் கட்டுறேன். பதினஞ்சு தண்ணி பாத்திருச்சு.”

அப்பய்யா வெகுநேரம் முடிச்சைப் பார்த்தார். “நேத்து இந்தச் சேலையத்தான் திம்மையாகிட்டக் காட்டி, சாயம்னா இப்பிடி அடக்கமா இருக்கணும்டான்னு சொன்னேன்.”

“எம் மகன் என்ன சொன்னாரு?”

“சரிண்ணேன்னான்.” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, அப்ப நான் மொதல்ல தள்ளுனது தப்பா, இப்ப ஏத்துக்கிட்டது தப்பா?”

“ரெண்டையும் சாயங்காலம் பேசுவம்ணே. பஸ்ஸு ஏழு நாப்பதுக்கு.”

நல்ல கேள்வி அது. நானும் அப்பய்யாவும் இன்றுவரை அதை யோசித்துக்கொண்டிருக்கிறோம். கங்கம்மாளிடம் கேட்டால், பஸ் ஏழு நாற்பதுக்கு என்பார்.

அன்று கண்ணாடிகள் மூன்றும் அவசரமாகப் பார்த்தன. பஸ் ஏறிய பிறகுதான் கங்கம்மாளின் கை இடுப்பைத் தடவியது. மூக்குத் துடைக்கும் துணி இல்லை. மறந்து வந்துவிட்டார். ரெட்டியபட்டி வரும்வரை அந்தக் கை மூன்று முறை இடுப்புக்குப் போய்வந்தது.

பதினொரு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. பால்வாடி என் வகுப்புக்கு எதிரே, ஒரு வேப்பமரம் தள்ளி. ஜீப் நிற்பதற்கு முன்பே கங்கம்மாள் கதவைத் தாண்டி முற்றத்துக்கு வந்து நின்றார். கொசுவத்தை ஒருமுறை நீவிவிட்டார். 

“டீச்சர் யாரு?”

“நாந்தாங்க.”

மேற்பார்வை அம்மா அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். கீழிருந்து மேலாக இன்னொரு முறை.

“என்னம்மா, இன்னிக்கு ஏதும் விசேஷமா?”

கங்கம்மாள் ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தார். சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எழுதாமல் நின்றேன்.

“செவ்வாக்கெழமங்க.”

அந்த அம்மா நோட்டைத் திறந்தார். “செவ்வாய்க்கிழமை என்ன சொல்லிக் குடுப்பீங்க?”

“கதைங்க. திங்கக்கெழம எண்ணச் சொல்லிக் குடுக்குறது, செவ்வாக்கெழம கதை. கதைன்னா நான் பாதிதாங்க சொல்வேன், மிச்சத்த அவுகளே சொல்லிருவாக...”

சந்தனம்மாள் என்ற மூன்று வயதுக்காரி நடந்து வந்து, அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒழுகும் மூக்கோடு முகத்தை மேலே தூக்கிக் காட்டினாள். கங்கம்மாளின் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. பேச்சை நிறுத்தாமல், குனிந்து பார்க்காமல், முந்தானை மூலையைப் பிடித்து, ஊதா முத்திரை விழுந்த அந்த இடத்தாலேயே மூக்கை இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்து, மூலையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “புதங்கெழம பாட்டுங்க,” என்றார்.