கூடையைக் கவிழ்த்த நாள்

நாச்சியார் அத்தை யாருக்குப் பழம் வெட்டினாலும் முதல் துண்டைத் தன் வாயில்தான் போடுவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்னாசியின் தோலைச் சீவி, கண்களைச் சாய்வாகச் செதுக்கி எடுத்து, கத்தி நுனியில் ஒரு துண்டைக் குத்தி, எதிரே நிற்கும் வெள்ளைக்காரர் பார்க்க மென்று விழுங்குவாள். அப்புறம்தான் தட்டை நீட்டுவாள். இந்தப் பழம் வயிற்றுக்கு ஆகுமோ என்று அவர்கள் முகத்தில் ஒரு தயக்கம் இருக்கும். அத்தை மென்று முடிப்பதற்குள் அது போய்விடும்.

அவள் என் அப்பாவின் அக்கா. ராதாபுரம் பக்கம் பிறந்து, கல்யாணமான கையோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவள். கோவளத்துக்குத் தெற்கே பாறைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கடற்கரை உண்டு. அங்கே அவளும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் சிலரும் கூடையில் பழம் விற்றார்கள். அவள் புருஷன் இசக்கி மாமா அதே மணலில் குடையும் சாய்வுக் கட்டிலும் வாடகைக்கு விட்டார். பிள்ளை இல்லை. ஒரே லைன் வீட்டில் அவர்கள் கதவும் எங்கள் கதவும் அடுத்தடுத்து இருந்தன.

அந்தப் பெண்களுக்குள் சில வழக்கங்கள் இருந்தன. ஒரு விருந்தாளிக்கு முதல் நாள் யார் பழம் வெட்டினாளோ, ஊர் திரும்பும் வரை அவர் அவளுடைய ஆள். இன்னொருத்தி கூப்பிட மாட்டாள். ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால், மறுநாள் எல்லாரும் வெறுங்கூடையோடு மணலுக்கு வருவார்கள். கூடையைக் கவிழ்த்து வைத்து அதன் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். யார் வந்து கேட்டாலும் அன்று பழம் இல்லை. செத்தவர் பெயரும் எப்படிச் செத்தார் என்பதும் மட்டும் சொல்வார்கள். சாவுத் துக்கத்தை எங்கள் பக்கம் துட்டி என்பார்கள்; ஊருக்குப் போய் அழ முடியாதவர்கள் கண்டுபிடித்த துட்டி அது.

ஸ்ரீகுமாரின் ‘சாகரதீரம்’ விடுதி அந்தக் கரையில்தான் இருந்தது. நாலு அறையும் ஓலைக்கூரையுமாக அவர் தொடங்கிய காலத்தில், தங்க இடம் தேடி வந்தவர்களை அத்தைதான் அங்கே கூட்டிப் போவாள். பதிலுக்கு விடுதிச் சுவரை ஒட்டிய பாதாம் மர நிழல் அவளுக்கு. விடுதி மூன்று மாடியான பிறகும் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள். அவர் அவளைச் சேச்சி என்பார். அவள் அவரை மொதலாளி என்பாள்.

2020 மார்ச்சில் அந்த விடுதியில் தங்கியிருந்த ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தது. அன்று மாலையே ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீகுமாரின் குரல் வந்தது. மலையாளத்தில், நிதானமாக, பதறாமல் பேசியிருந்தார். விடுதியில் ஒரு தவறும் இல்லை, மரத்தடியில் பழம் விற்கும் தமிழச்சியிடமிருந்துதான் வந்திருக்கிறது, எச்சில் கையால் அவள் வெட்டிக் கொடுப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்ததுதானே என்றார். ராத்திரிக்குள் அது எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போனதோ தெரியாது. விடிந்தபோது எங்கள் சந்தின் வாயில் கயிறு கட்டியிருந்தது.

மாமாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டிருந்தது. வாரத்தில் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழக்கமாக ஏற்றிப் போகிற ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. ஸ்டாண்டில் மற்றவர்கள், அந்தப் பழக்காரி வீடா என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு முறை தவறியது. அடுத்த முறையும் தவறியது. மாமாவின் முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கூப்பிட்டு அப்பா எப்படியோ ஒரு வண்டியை வரவழைத்தபோது, ஏற்றிக்கொண்டு போக உயிர் இல்லை. அத்தையின் பரிசோதனை முடிவு அதற்குப் பிறகு வந்தது. அவளுக்குத் தொற்று இல்லை.

கடற்கரை மூடிக் கிடந்தது. மாமாவுக்காகக் கூடை கவிழ்க்க மணலில் யாரும் இல்லை.

கௌசல்யா வந்தது மாமாவின் காரியத்துக்கு அடுத்த நாள். விடுதியில் அறை கூட்டும் பெண், வள்ளியூர்க்காரி, புருஷன் விட்டுப்போனவள், படிக்கிற மகள் ஒருத்தி உண்டு. பின்பக்கச் சுவர் வழியாக அரிசிப் பையை இறக்கிவிட்டு, முகத்துணியை விலக்காமல் சொன்னாள். தொற்று இருந்த அந்த விருந்தாளி வரும்போதே காய்ச்சலோடுதான் வந்தார். நாலு நாளாக வெந்நீரும் மாத்திரையும் கொண்டுபோனது அவள். அவர் மணலில் கால்கூட வைக்கவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று ஸ்ரீகுமார் சொல்லியிருந்தார்.

அத்தை அழவில்லை. “அவன் வாயாலயே அத மாத்திச் சொல்லணும்” என்றாள். அதற்குப் பிறகு அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

நான் சுற்றுலா மேலாண்மை படித்தேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். நிலைத்த வளர்ச்சி என்று ஒரு தாள் இருந்தது. சூழல், பொருளாதாரம், சமூகம் என்று மூன்று வட்டம் போட்டு, மூன்றும் சேரும் இடத்தை நிழலிடச் சொல்வார்கள். அந்த நிழலுக்குள் அத்தை எங்கே உட்காருவாள் என்று யோசித்துக்கொண்டே பரீட்சை எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. பதில் வரவில்லை.

கரை மறுபடியும் திறந்தபோது மணல் பாதியாகியிருந்தது. இடையில் இரண்டு புயல் வந்துபோயிருந்தன. மழைக்காலம் வந்தால் கடல் ஒவ்வொரு வருஷமும் முன்னைவிட ஏறி வந்தது. ஸ்ரீகுமார் தன் விடுதிக்கு முன்னால் மட்டும் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பினார். பாதாம் மரத்தடியில் விருந்தாளிகள் படம் எடுத்துக்கொள்ள ஓர் ஊஞ்சல் தொங்கியது. அத்தை வடக்குப் பாறை ஓரத்துக்குப் போய்விட்டாள். அங்கே இருந்துகொண்டு, யார் தங்க இடம் கேட்டாலும் சாகரதீரத்தைத் தவிர மற்ற எல்லா விடுதியையும் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் “நோ குட், சிக்னஸ்” என்று நெஞ்சைத் தொட்டு இருமிக் காட்டுவாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்த பிறகு, இது சரியா என்று தோன்றும். மாமாவின் வீங்கிய முகம் நினைவுக்கு வந்தால் அந்தக் கேள்வி நிற்காது.

விடுதி தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஸ்ரீகுமாருக்குப் பச்சைச் சான்றிதழ் யோசனை வந்தது. வெளிநாட்டுப் பயண அமைப்பு ஒன்று, சூழலையும் உள்ளூர் மக்களையும் காக்கும் விடுதிகளுக்கு அதைக் கொடுக்கும். அது இருந்தால் ஐரோப்பாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் அனுப்புவார்கள். மாடியில் சூரியத் தகடு வைத்தார். பிளாஸ்டிக் பாட்டிலை ஒழித்தார். உள்ளூர் மக்கள் மட்டும்தான் குறை. அதற்கு ஆள் தேடி எங்கள் லைன் வீட்டுக்கே வந்தார்.

“சேச்சி, அதொக்க கழிஞ்சு போன காரியமல்லே? இனி நம்ம ஒண்ணா நிக்கணும்” என்றார். சான்றிதழுக்காகப் பார்வையிட ஆட்கள் வரும் நாளில் பழக்காரப் பெண்கள் எல்லாரும் பொன்கரை போட்ட கசவுச் சேலை கட்டி, நிறைந்த கூடையோடு விடுதி வாசலில் வரிசையாக உட்கார வேண்டும். சேலை அவருடைய செலவு. இங்கிலீஷ் பேச நான் வர வேண்டும். இசக்கி மாமாவின் பெயரை அவர் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை.

அத்தை உடனே ஒத்துக்கொண்டது எனக்குத் திகைப்பாக இருந்தது.

“எல்லாரும் வரணும்லா மொதலாளி?”

“எல்லாரும். ஒருத்தரும் விடண்டா.”

“ஒருத்தியையும் விட மாட்டேன்.”

அவர் போனதும் என்னைப் பார்த்து, “ஏட்டி, ஊரயே கூட்டி வச்சுக் கேப்பமான்னு நெனச்சேன். அவனே கூட்டித் தாரான்” என்றாள்.

அன்று மாலை பெண்களிடம் பேசினாள். மாமாவுக்கு அவர்கள் தராமல் போன துட்டியை அந்த நாளில் தரச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. வழக்கத்தை விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் அவர்களுக்கும் இருந்தது.

கௌசல்யாதான் தயங்கினாள். அவள் வாய் திறந்தால் அன்றே வேலை போகும். மகள் பத்தாவது படிக்கிறாள். அத்தை விடவில்லை. மூன்று சாயந்தரம் அவள் வீட்டுக்குப் போனாள். கெஞ்சினாள், திட்டினாள், “எந் தாலி போனதுக்கு நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டியா” என்றுகூடக் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: “வேல போனாப் போகட்டும். எம் பக்கத்துல ஒன்ன உக்காத்தி வைக்கேன். பாற ஓரத்துல என் எடம் ரெண்டு பேருக்குத் தாங்கும். இது இசக்கி மேல சத்தியம்.”

அந்த நாள் வந்தது. பார்வையிட வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஓர் ஆணும். கௌசல்யா இளநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். கசவுச் சேலையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீகுமார் கையைக் காட்டித் திரும்பியபோது எல்லாக் கூடையும் கவிழ்ந்திருந்தன. ஒன்றிலும் பழம் இல்லை.

வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே, இது ஏதும் சடங்கா என்று என்னைக் கேட்டாள். ஸ்ரீகுமார் என் காதருகில் மலையாளத்தில், ஆமாம் வரவேற்புச் சடங்கு என்று சொல்லச் சொன்னார். அத்தை எழுந்தாள்.

“துட்டின்னு சொல்லு. செத்தது எம் மாப்பிள இசக்கி. கொன்னது இந்த மொதலாளியோட நாக்கு. ஒண்ணும் விடாமச் சொல்லு.”

நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். காய்ச்சலோடு வந்த விருந்தாளி, வாட்ஸ்அப் குரல், கட்டிய கயிறு, திரும்பிப் போன ஆட்டோக்கள். ஸ்ரீகுமாரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

அவர் சமாளித்தார். பாவம், புருஷன் போன துக்கத்தில் ஏதேதோ சொல்கிறாள், அப்போது எல்லாருக்கும் பயம் இருந்தது என்றார். அந்த இருவரும் தலையசைக்கத் தொடங்கினார்கள். அப்போது கௌசல்யா தட்டைத் தரையில் வைத்தாள்.

“அவுங்க சொல்லுகது நெசம். காய்ச்சக்காரருக்கு நாலு நாளா வெந்நி கொண்டு குடுத்தது நாந்தான். சாரு யாருட்டயும் மிண்டாதேன்னாரு.”

அதையும் சொன்னேன். அவர்கள் இளநீரைத் தொடாமல் காரில் ஏறினார்கள்.

சான்றிதழ் வரவில்லை. பெண்கள் மறுநாளும் கூடையைக் கவிழ்த்து வாசலில் உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்த நாளும். அறை கேட்டு வந்தவர்கள் அவர்களைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது, பலர் போகவில்லை. கடைசியில் அதே குழுவில் ஸ்ரீகுமாரின் குரல் மறுபடி வந்தது. நோய் நாச்சியார் சேச்சியிடமிருந்து வரவில்லை, என் விடுதியில் தங்கியவர் கொண்டுவந்ததுதான், அது எனக்கு அப்போதே தெரியும் என்றது. இந்த முறை அவ்வளவு நிதானம் இல்லை.

அத்தை என் போனை வாங்கிக்கொண்டு நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். சத்தத்தை முழுக்க ஏற்றி ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று ஓடவிட்டாள். பழைய ஆட்டோக்காரர் கீழே இறங்கி ஏதோ சொல்லப் பார்த்தார். “கேளு. கேட்டுட்டுப் பேசு” என்றாள். முடிந்ததும் இன்னொரு முறை போட்டாள். ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அன்று ராத்திரி மாமா படத்துக்கு விளக்கேற்றி, ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டாள். வருஷம் முடிவதற்குள் ஸ்ரீகுமார் விடுதியை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, “அவன் தலைக்கு மேல கூரையாவது மிச்சமிருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

கௌசல்யாவுக்குக் கூடை கவிழ்த்த அன்று சாயந்தரமே வேலை போயிருந்தது. அத்தை சொன்னபடி அவளைப் பாறை ஓரத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். அன்னாசிக் கண் எடுக்கக் கற்றுக் கொடுத்தாள். கௌசல்யா வெட்டிய பழம் கோணல்மாணலாக இருக்கும். பெண்கள் கேலி செய்வார்கள், அவளும் சிரிப்பாள். சீசனில் மிஞ்சியிருந்த கொஞ்ச நாள் அப்படிப் போனது.

பிறகு ஜூனில் இடவப்பாதி என்கிற பருவமழை வந்தது. விடுதியின் கல்சுவரில் மோதிய அலை சுவரின் முனையைச் சுற்றி வடக்கே திரும்பியது. ஒவ்வொரு நாளும் கொஞ்சமாகத் தின்றது. மழை விட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது பாறை ஓரத்தில் மணலே இல்லை. அத்தை உட்கார்ந்த இடத்தில் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருஷமும் மணல் திரும்பவில்லை.

அத்தை இப்போது நகரத்துக்குள் பழவங்காடியில், கோயிலுக்கு வருகிறவர்கள் நடக்கும் வழியில், வெள்ளரிக்காயும் மாங்காயும் விற்கிறாள். ஒரு ஆள் குந்துவதற்கே இடம் பத்தாது. கடைக்காரர்கள் துரத்தத் துரத்த நகர்ந்து உட்காருகிறாள். கௌசல்யா விதுராவுக்கு அப்பால், பொன்முடி மலைச் சாலையில் ஒரு தங்கும் வீட்டில் வேலை செய்கிறாள். மழையில் மண் சரிந்து சாலையை அடைத்தால் விருந்தாளி வர மாட்டார்கள், அந்த மாதம் சம்பளமும் வராது. மகள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். அம்மாவோடு சேர்ந்து அவளும் படுக்கை விரிக்கிறாள் என்று வள்ளியூர் ஆட்கள் சொன்னார்கள்.

ஸ்ரீகுமாரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தில் கௌசல்யாவை நான் கொஞ்ச நாள் மறந்தே போனேன். அத்தைக்கு மறக்கவில்லை. போன ஓணத்துக்குக் கௌசல்யா கூப்பிட்டபோது போனை என் கையில் கொடுத்து, தான் குளிப்பதாகச் சொல்லச் சொன்னாள். அத்தை சுகமா என்று மட்டும் கௌசல்யா விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். அத்தை சுவரைப் பார்த்தபடி, “இசக்கி மேல சத்தியம் பண்ணிருக்கேன். அவளுக்கு நான் எடம் குடுக்கணும்டி” என்றாள். விதுராவுக்கு ஒரு பஸ்தான். அத்தை இன்னும் போகவில்லை.